மிதக்கிற மிளகு தேடி மாத்தளைக்கு

முதலாளிக்கு விமானம் என்றால் பயம். அதனால்தான் நான் போனேன்.

போடியில் எங்கள் ஆலை மிளகிலிருந்து எண்ணெய் வடிக்கிறது. நான் அங்கே பாய்லர் பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இலங்கையில் மாத்தளை என்ற ஊரிலிருந்து முதலாளிக்குக் கடிதம் மேல் கடிதம் வந்தது. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது, ரயில் வருகிறது, யாழ்ப்பாண ரோடு ஊருக்குள்ளேயே போகிறது, இப்போது சண்டை நின்றிருக்கிறது, மிளகுக்குக் குறைவில்லை, வந்து ஆலை வையுங்கள் என்று. நாலைந்து கடைக்காரர்கள் ஊரை முன்னேற்றச் சங்கம் வைத்து எழுதியது. முதலாளி, ‘மிளகு ஆலை வைக்க யோசனை உண்டு, ஆள் அனுப்புகிறேன்’ என்று மட்டும் பதில் போட்டார். எண்ணெய் என்ற சொல்லையே எழுதவில்லை.

“தண்ணியப் பாரு. கரண்டப் பாரு. மிளகப் பாரு. மிதக்குற மிளகா இருக்கணும். இருந்தா மிதக்குதுன்னு போன் போடு. இல்லேன்னா பேசாம வந்துரு” என்றார்.

“கேக்கலாமா?”

“கேக்கப்படாது. நமக்கு அதுதான் வேணும்னு தெரிஞ்சா வெலைய ஏத்திருவாய்ங்க. நீ வாயத் தொறக்காத ஆளு. அதுக்குத்தான்டா ஒன்னைய அனுப்புறேன்.”

முற்றிய மிளகு கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். சமையலுக்கு வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். முற்றுமுன் பறித்துக் காயவைத்தால் சுருங்கி லேசாகிவிடும். தண்ணீரில் மிதக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். பதர் என்று ஒதுக்குவார்கள். ஆனால் எண்ணெய் அதில்தான் அதிகம். வடிக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் மாத்தளையில் இறங்கினேன். ரயிலில் தூங்கிவிட்டேன். நல்லவேளை, தண்டவாளம் அந்த ஊரோடு முடிகிறது. ஊரைத் தாண்டிப் போக வழியில்லை.

ஸ்டேஷன் வாசலில் மூன்று மொழியில் எழுதிய துணி கட்டியிருந்தது. தொழில் செய்ய மாத்தளைக்கு வாருங்கள் என்று. துணிக்குக் கீழே மூன்று பேர். கையில் மாலை. எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

“வாங்க சேர். பயணமெல்லாம் நல்லா இருந்திச்சுங்களா?” என்றவர் ஸ்டீபன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. கடிதமெல்லாம் எழுதியவர் அவர்தான்.

“சேர் இல்ல. பாய்லர்” என்றேன்.

“சரிங்க சேர்.”

இரண்டாமவர் அந்தக் கடை முதலாளி, ஜவாத் நானா. நானா என்றால் அண்ணன். வெள்ளைத் தொப்பி, பெரிய கை. “நல்லா ஈக்கிறீங்களா மகன்? எங்கட ஊருக்கு வந்தது பெரிய சந்தோசம்” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்றாமவர் இரும்புக்கடை சுமனதாச முதலாளி. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஸ்டீபன் மாற்றிச் சொன்னார்: “இவ்வளவு ஒல்லியான ஆளா ஆலை வைக்கப் போறாருன்னு கேக்கிறாரு. சும்மா பகிடிக்கு.”

தங்கும் அறையில் உட்காரவைத்து ஸ்டீபன் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். ரோடு, ரயில், ஆறு, மூன்று மொழி பேசும் ஆட்கள். “அதோட சேர், இருபத்தி நாலு மணி நேரமும் கரண்ட்” என்றபோது மின்விசிறி நின்றது. மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். “இன்னைக்கு மட்டுந்தான்” என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள், ஒருவர் சிங்களத்தில். எங்கள் ஊரிலும் இதையேதான் சொல்வார்கள். எனக்குப் பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை கடைகள். காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்பது ரொட்டி. ஒரு ராத்தல் ரொட்டியை அப்படியே முன்னால் வைக்கிறார்கள், கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். சம்பல் காரம் காதுக்கு ஏறியது. இரண்டாம் முறை வாங்கித் தின்றேன்.

மெயின் வீதி முழுக்க வாசனை. கிராம்பு, ஜாதிக்காய், கறுவாப்பட்டை, ஏலம். போடியில் ஏலம் மட்டும்தான் மணக்கும். இங்கே பத்தடிக்கு ஒரு மணம் மாறுகிறது. யாழ்ப்பாணம் போகிற லொறிகள் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. முன்பு அந்த ரோடு மூடியிருந்ததாம். மணல் மூட்டை அடுக்கிய காவல் மேடை ஒன்று இன்னும் இருக்கிறது. யாரோ ஒரு மூட்டையில் மிளகாய்ச் செடி நட்டிருக்கிறார்கள். காய்த்திருக்கிறது. சிப்பாய் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கிரிக்கெட் பற்றிக் கேட்டான். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. நம்பாத மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஒவ்வொரு கடையிலும் ஒரே சடங்கு. முதலில் சாயம், அதாவது பால் இல்லாத டீ, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. பிறகு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர். ஒரு பிடி மிளகைப் போடுவார்கள். எல்லாம் மூழ்கும். கடைக்காரர் மார்பை நிமிர்த்துவார்.

“பாருங்க சேர், ஒண்ணு மிதக்குதா? ஒண்ணே ஒண்ணு?”

மிதக்கவில்லை. ஒன்பது கடை, ஒன்பது சாயம். எங்கும் மிதக்கவில்லை. எனக்கு உள்ளே என்னமோ மிளகோடு சேர்ந்து மூழ்கியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியாக ஜவாத் நானாவின் ஸ்டோர். மிளகு புடைக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவி ரோஸ்மேரி. ஸ்டீபனின் மனைவி. பார்த்தால் மேஸ்திரி மாதிரி நிற்கிறாள். கிளாசை அவள்தான் பிடித்தாள். மூழ்கியது. மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிளாசை வைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டோரின் பின்சுவர் மட்டும் பூசாமல் விட்டிருந்தது. மேலே வரை கறுப்பு. நான் கரியோடு வாழ்கிறவன். அது அடுப்புக் கரி இல்லை, கடை எரிந்த கரி. நான் கேட்கவில்லை. நானாவும் அந்தப் பக்கம் பார்க்காமல், “செல்லுங்க மகன், எப்பிடி எங்கட மிளகு?” என்றார்.

“கனம்” என்றேன்.

அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆறு. சுது கங்கை என்று பெயர். வெள்ளை ஆறு என்று அர்த்தமாம். எங்கள் பக்கத்து ஆறு மாதிரி மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கவில்லை. ஓடுகிறது. எண்ணெய் வடிக்க ஆவியைக் குளிர்விக்க வேண்டும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர், வருஷம் முழுவதும் வேண்டும். நான் பாலத்துத் தூணில் தண்ணீர் விட்டுப்போன கறையைப் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன். சுமனதாச முதலாளி ஸ்டீபனிடம் கேட்டது காதில் விழுந்தது. பிறகு ஸ்டீபன் தயங்கிச் சொன்னார்: “தூணு விழுந்திருமோன்னு பாக்கிறாரான்னு கேக்கிறாரு சேர். விழாதாம். சிமெந்தி அவரு கடையில வாங்கினதாம்.”

செருப்பை ஒரு கல்லில் கழற்றிவைத்து இறங்கினேன். தண்ணீர் முழங்காலில் பனிக்கட்டி மாதிரி இருந்தது. நல்ல தண்ணீர். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறினார்கள். ஒருத்தி கத்தினாள்: “ஐயே! ஏறுங்க, ஏறுங்க! தண்ணி வருது!”

ஏறினேன். ஆறு ஒரு சாண் ஏறியது, ஒரு முழம் ஏறியது. செருப்பு போய்விட்டது. மேலே உக்குவளையில் மின்சாரம் எடுத்துவிட்டுத் தண்ணீரை விடுவார்களாம். மகாவலி ஆற்றுத் தண்ணீர் மலைக்குள்ளே சுரங்கம் வழியாக வருகிறதாம். துவைக்கிறவர்களுக்கு நேரம் மனப்பாடம்.

“தெனமுமா?” என்று கேட்டேன். ஊருக்கு வந்து நான் கேட்ட முதல் கேள்வி.

“தெனந்தான். கோடைக்கும் நிக்காது. ஏன், உங்க ஊருல ஆறு சொல்லிட்டு வருமா?” என்றாள் அந்தப் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள். செருப்புப் போனது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஸ்டீபன்தான் பதறினார். ஊரைக் காட்ட வந்த விருந்தாளி வெறுங்காலில் நிற்கிறாரே என்று. சுமனதாச முதலாளி ஓடிப்போய்க் கடையிலிருந்து கறுப்பு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தார். அவரிடம் அதுதான் இருந்தது. பத்தாம் நம்பர். என் கால் ஏழு. அன்றிலிருந்து அதில்தான் நடந்தேன். டொப் டொப் என்று நான் வருவது மூன்று கடைக்கு முன்பே கேட்கும். அடுத்த கடைக்காரர் சாயம் போட்டு வைத்துவிடுவார்.

வியாழக்கிழமை ரிவர்ஸ்டன் மலைக்கு வேனில் போனோம். ரத்தோட்டை தாண்டியதும் மூடுபனி. மரம் தெரியவில்லை. ஆனால் வழியில் மிளகுக் கொடி பார்த்தேன். வேலி மரம், பலா மரம், வீட்டோரத் தூண் எல்லாவற்றிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு கொடியில் கொத்துகள் முற்றவில்லை, ஆனாலும் பாதி பறித்திருந்தது. பச்சையிலேயே பறிக்கிற ஊர். அப்படியானால் மிதக்கிற மிளகு எங்கே? கேட்க வாய் வந்தது. முதலாளி முகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

வளைவில் வேன் ரேடியேட்டர் ஒழுகி நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கினார்கள். அட்டை ஏறி எல்லோரும் காலைத் தட்டித் துள்ளினார்கள். என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை. பூட்ஸ்.

சாயக்கடை ஒன்று பக்கத்தில் இருந்தது. மிளகுத்தூள் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு டப்பாவைக் கொடுத்தாள். ரேடியேட்டரில் நாலு கரண்டி கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். சின்ன ஒழுக்கல் என்றால் தூள் ஊறி அடைத்துக்கொள்ளும். பழைய வித்தை.

“வேனுக்குமா மிளகு ரசம்?” என்றார் ஜவாத் நானா. சுமனதாச முதலாளி, இதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள் என்று ஸ்டீபனிடம் சொன்னார். மாத்தளை மிளகு வாகனத்துக்கும் நல்லது என்று.

எஞ்சினை ஓடவிட்டேன். சூடேறி ஆவி வந்தது. மூக்கில் பட்டதும் நான் அசையாமல் நின்றேன். இருபது வருஷமாக அந்த ஆவிக்கு முன்னால் நிற்கிறவன். அது கனத்த மிளகின் ஆவி இல்லை. எண்ணெய் தளும்புகிற ஆவி. இந்த ஊரில் மிதக்கிற மிளகு இருக்கிறது. எங்கேயோ இருக்கிறது.

கடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நானா அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேன் ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். ஸ்டீபன் என் பக்கத்தில் வந்தார். பனியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சேர், உங்க முடிவ கேக்கக் கூடாது. தெரியும். ஆனா சனிக்கிழமை காலையில ஏஜென்சி வேன் வருது. ரோஸ்மேரி குவைத்துக்குப் போறா. வீட்டு வேலைக்கு.”

நான் பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தேன்.

“ஸ்டோர்ல இப்ப கெழமைக்கு மூணு நாள்தான் வேலை. ஆலை வந்தா தெனம் வேலை, அவதான் மேற்பார்வைன்னு நானா சொல்லியிருக்காரு. முந்தி ஒருக்கா போயி நாலு வருசம் இருந்தா. திரும்பி வந்தப்ப மக அவள ஆன்ட்டின்னு கூப்பிட்டிச்சு.” வேன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “வெள்ளிக்கெழமை பகல் சாப்பாட்டுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. முடிவுக்காக இல்ல. சாப்பாட்டுக்கு.”

திரும்பும் வழி முழுக்க பூட்ஸைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலாளி சொன்னதை மீறியதில்லை. ஒருமுறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை உக்குவளை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்தில் அலமாரி, அலமாரி மேல் ஒரு நீலப் பெட்டி. பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ரோஸ்மேரி. குவைத். அடுக்கிக் கட்டி வைத்தாகிவிட்டது.

நானா ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். கோழி அவர் அறுத்து அனுப்பியது. இல்லாவிட்டால் அவர் அந்த வீட்டில் சாப்பிட முடியாது. சுமனதாச முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நானா வந்ததும் ரோஸ்மேரி இலை போட்டாள். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கோழி.

கோழியை ஒரு வாய் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்துக்கு இல்லை. மூக்குக்குள் நேற்றைய ஆவி. அதே மிளகு.

கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி சொன்னது ஒரு பக்கம். அலமாரி மேலிருந்த பெட்டி ஒரு பக்கம்.

“இது எந்த மிளகு?” என்று கேட்டுவிட்டேன்.

ஒருவரும் மெல்லவில்லை. நானா ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் மனைவியைப் பார்த்தார். சுமனதாச முதலாளிக்குக் கேள்வி புரியவில்லை, ஆனால் முகங்களைப் பார்த்து அவரும் கையை எடுத்துவிட்டார்.

“வீட்டுக்கு எடுத்த மிளகுங்க சேர், தப்பா நெனைக்காதீங்க...” என்று ஸ்டீபன் தொடங்கினார்.

“என்னங்க நீங்க. சொல்லிட்டுப் போவோம். நாளைக்கு நான் இருக்கப் போறதில்ல” என்றாள் ரோஸ்மேரி. எழுந்தாள். கட்டிலின் விரிப்பைத் தூக்கினாள். அடியில் எட்டு மூட்டை.

“மெதக்கிற மிளகு அண்ணே. பதரு. ஊருல பாதி மிளகு இதுதான். களவு போயிரும்னு பிஞ்சிலேயே பறிச்சிருவாங்க. முந்தி இந்தியாவில இருந்து ஒருத்தரு வந்து, இத அள்ளி ரோட்டுல வீசிட்டுப் போயிட்டாரு. அதனால நீங்க வர்றீங்கன்னு சங்கத்துல கூடிப் பேசி, எல்லாத்தையும் ஒளிச்சு வச்சாங்க. பொண்ணு பாக்க வர்றப்ப கிழிஞ்ச பாய ஒளிக்கிற மாதிரி.” மூச்சு விடாமல் சொன்னாள். “அஞ்சு நாளா பொறுக்கிப் பொறுக்கிக் கனத்த மிளகையே உங்களுக்குக் காட்டினோம். எனக்குப் புடிக்கல. இருக்கிறதத்தானே காட்டணும்?”

“மிச்சம் எங்க?” என்றேன்.

நானா தலையைக் குனிந்துகொண்டார். “என்ட வீட்டு மேல்மாடியில முப்பது மூட்டை ஈக்கிது மகன். இவர்ட கடையில ஆணி மூட்டைக்குப் பின்னால. மாதா கோயில் கொட்டில்லயும் கொஞ்சம்.”

“கோழிக் கூட்டு மேல ரெண்டு” என்றாள் ரோஸ்மேரி.

நான் கையைக் கழுவினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் அந்த ஊரில் மரியாதை இல்லை. தெரிந்துதான் எழுந்தேன். செம்பில் தண்ணீர் வாங்கி, ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி போட்டேன். தண்ணீர் தெரியவில்லை. மேலே முழுக்க மிளகு.

“போன் எங்க இருக்கு?” என்றேன்.

சந்தியில் கொமினிகேசன் கடை. நான் முன்னால், டொப் டொப் என்று. பின்னால் அவர்கள் நால்வர். கண்ணாடிக் கூண்டுக்குள் நான் மட்டும்.

“சொல்றா” என்றார் முதலாளி.

“மிதக்குது.”

“அப்படிப் போடு! தண்ணி?”

“ஜில்லுன்னு இருக்கு. கோடைக்கும் நிக்காது.”

“கரண்டு?”

“நம்மூரு மாதிரி.”

“கேட்டியா?”

“கேட்டேன்.”

போனில் முதலாளி நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, “கெடுத்தியேடா மாயாண்டி” என்றார். “சரி. ஒரு மாசம் போகட்டும். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வா.”

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். ரோஸ்மேரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு மாசம் ஆகாது. மிளகு தரம் பாக்கத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி இருக்கு. நாளைக்குக் காலையில குவைத்துக்குப் போயிரும். இங்க அஞ்சு நாளா எல்லாரும் நல்லதையே காட்டினாங்க. அது ஒண்ணுதான் உள்ளதக் காட்டுச்சு. அதில்லாம நான் பாய்லர் மாட்ட மாட்டேன்.”

முதலாளியிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை.

“ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார்.

“இல்ல.”

“வைக்கலாம்னு சொல்லித் தொலை.”

வெளியே வந்தேன். நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“வைக்கலாம்னாரு” என்றேன்.

ஸ்டீபன் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் சுமனதாச முதலாளி என்னைத் தூக்கிவிட்டார். பூட்ஸ் இரண்டும் ரோட்டிலேயே நின்றன, நான் மேலே. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்லாவைச் சொன்னார். ரோஸ்மேரி மட்டும், “வாங்க, சோறு ஆறிப் போகுது. பாதியில எழும்பினவரு நீங்கதான்” என்றாள். மூன்று தரம் சோறு போட்டாள். தின்றேன்.

சனிக்கிழமை காலை ஏஜென்சி வேன் ரோஸ்மேரி வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கித் தாளைப் பார்த்துக் கூப்பிட்டான்: “ரோஸ்மேரி யாரு?”

“அவங்க வரல. இவரு வர்றாரு” என்றார் ஸ்டீபன்.

டிரைவர் என்னையும் பூட்ஸையும் பார்த்தான். கத்தினான். நானா அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். ஏஜென்சியில் பேசிப் பாஸ்போர்ட்டை மீட்பது அவர் பொறுப்பு. சீட் காலி, நானும் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும். ஏறினேன்.

ரோஸ்மேரி நீலப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். துணியெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே மிதக்கிற மிளகு. முதலாளிக்குச் சாம்பிள்.

“பெட்டிய அனுப்பிவிடுறேன்” என்றேன்.

“அனுப்பாதீங்க அண்ணே. வீட்டுல இருந்தா கண்ணுல படும்.”

வேனில் ஐந்து பெண்கள். எல்லோரும் வளைகுடாவுக்கு. பலாபத்வலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பெட்டியின் எழுத்தைப் பார்த்தாள்.

“அண்ணனும் குவைத்துக்கா?”

“இல்ல. போடி.”

“அது எந்த நாட்டுல இருக்கு?”

சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். பிறகு பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். உக்குவளை தாண்டும்வரை சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த ஆலையில எங்களுக்கும் வேலை இருக்குமா அண்ணே? ரெண்டு வருசத்துல வந்திருவேன்.”

“மிளகு புடைக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“பேரச் சொல்லு.”

சொன்னாள். எழுதிக்கொள்ள என்னிடம் தாள் இல்லை. டிரைவரிடம் பேனா வாங்கி, பெட்டியின் உள்மூடியில் எழுதினேன். மற்ற நால்வரும் திரும்பினார்கள். பேனா கைமாறியது. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது முதலாளி மிளகை ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். நான் மூடியைக் காட்டினேன். ஐந்து பெயர்.

“இது என்னடா?”

“ஆளு” என்றேன்.